டெங்கு சீசனுக்கு வீட்டைத் தயார் செய்வது: அரிசி மூட்டை உதவாது

2020 மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் தெரு மளிகைக் கடையில் ரவையும் துவரம் பருப்பும் தீர்ந்துபோனதே, அன்றிலிருந்து "நோய்க் காலத்துக்குத் தயாராவது" என்றாலே நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் ஓடுகிறது. கதவைச் சாத்திக்கொள், அரிசி வாங்கிப் போடு, சானிடைசர், முகக்கவசம், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர். கொரோனாவுக்கு அது சரி. நோய் வெளியே இருந்தது, மனிதர்கள் மூலமாக வந்தது, கதவைச் சாத்தினால் ஓரளவுக்கு நின்றது. ஆனால் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் வந்து நிற்கிற நோய் டெங்கு. அதற்கு இந்தத் தயாரிப்பில் எதுவும் பயன்படாது. கதவைச் சாத்தினால் கொசுவையும் உள்ளே வைத்துத்தான் சாத்துகிறோம்.

எனக்கு இது புரிந்தது 2017-ல். அந்த வருஷம் என் மனைவிக்கு டெங்கு. நாங்கள் எல்லோரும் பக்கத்துக் காலி மனையைத் திட்டித் தீர்த்தோம், குப்பையும் செடியும் சாக்கடையுமாகக் கிடக்கும், அதுதான் காரணம் என்று முடிவே செய்துவிட்டோம். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்த அம்மா காலி மனைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்தார், ஃப்ரிட்ஜை முன்னால் இழுக்கச் சொன்னார், பின்னால் இருந்த தண்ணீர் தட்டில் டார்ச் அடித்துக் காட்டினார். அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம், அப்படி ஒரு தட்டு அங்கே இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. சாக்கடையில் பெருகி ராத்திரி காதருகே ரீங்காரமிடுவது க்யூலெக்ஸ், அது வேறு சாதி. ஏடிஸ் நம்மைப் போலவே நல்ல தண்ணீர் தேடும், அதுவும் தேங்கி அசையாமல் நிற்கும் தண்ணீராகப் பார்த்துத் தேடும். உடம்பிலும் காலிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருக்கும். கடிப்பது பகலில், குறிப்பாக விடிந்த பிறகு ஓரிரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரமும். அதாவது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், திரும்பி வந்து விளையாடும் நேரமும். ராத்திரி கொசுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம், அந்த நேரம் அதுவும் கட்டிலுக்கு அடியிலோ, கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டைக்குள்ளேயோ தூங்கிக்கொண்டிருக்கும். ரொம்ப தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. ஆகவே உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டில் பிறந்ததாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில்.

தெருவில் புகை அடிக்கிறார்களே, அது போதாதா என்று கேட்பார்கள். புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். வீட்டுக்குள் துணி மறைவில் உட்கார்ந்திருப்பதை அது தொடாது, தண்ணீரில் இருக்கும் புழுவையும் தொடாது. புகை வண்டி வந்தால் நாம் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது, கொசுவுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இனி முட்டை விஷயம். பெண் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. தொட்டியிலோ வாளியிலோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்தாலும் அந்த முட்டை சாகாது, ஆறு மாதம், சமயத்தில் அதற்கு மேலும் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். பொரிந்து வந்த புழு கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். "வாரம் ஒருமுறை" என்று சுகாதாரத் துறை ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஏழு நாளைக்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழுவுக்கு இறக்கை முளைக்காது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கச் சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். கொட்டிவிட்டு அப்படியே திரும்ப நிரப்புகிறவர்கள் சுவரில் ஒட்டிய முட்டைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள்.

நாம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வது போகிக்கு. டெங்குவைப் பொறுத்தவரை அது மூன்று மாதம் தாமதம், வடகிழக்குப் பருவமழையே முடிந்திருக்கும். சரியான நேரம் ஆயுத பூஜைக்கு முன்னால். புரட்டாசியில் கொலுவுக்கும் பூஜைக்கும் எப்படியும் ஒட்டடை அடிக்கத்தான் போகிறோம், அந்தச் சாக்கில் மொட்டைமாடிக்கும் போய்விட்டால் வெயில் காலம் முழுக்கக் காய்ந்து கிடந்த முட்டைகள் முதல் மழையில் பொரிவதற்குள் போய்விடும்.

மொட்டைமாடி என்று சொன்னேன், அங்கே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மிக்ஸி வந்த பிறகு மாடிக்கு ஏற்றிய ஆட்டுக்கல் நிச்சயம் இருக்கும். அதன் குழியில் ஒரு மழைக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர் நிற்கும், ஏடிஸுக்கு அது தாராளம். உரலும் அப்படியே. இவற்றைக் கவிழ்க்க ரெண்டு ஆள் வேண்டும், அதனால் யாரும் கவிழ்ப்பதில்லை. குழியில் மணலைக் கொட்டி மேடாக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. வெயில் காலத்தில் குருவிக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம் மழைக்காலத்திலும் அங்கேயே இருக்கும். பெயிண்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சிண்டெக்ஸ் டேங்க், அதுவும் மூடி காற்றில் பறந்துபோய்ப் பல வருஷமாகி அதன் மேல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் கல்லும் வைத்திருப்போம். அந்த இடுக்கு வழியாகக் கொசு போக வர எந்தத் தடையும் இல்லை. மூடி பொருந்தவில்லை என்றால் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டினாலும் போதும்.

வீட்டுக்குள்ளே வந்தால் ஃப்ரிட்ஜ் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூச்சட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, ஏசி தண்ணீர் சொட்டுகிற வாளி. நிறைய பேர் கவனிக்காதது, யாரும் பயன்படுத்தாத கழிவறை. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறையில் இருக்கும் கழிப்பறைக் கோப்பையிலும் ஃப்ளஷ் டேங்கிலும் மாதக்கணக்கில் தண்ணீர் அசையாமல் நிற்கும். வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டு, மூடியைச் சாத்தி வைத்தால் போதும். கீழே சம்ப் மூடி, கிணறு இருந்தால் கிணறு. கிணற்றுக்கு வலை போடலாம், இல்லை கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம், உள்ளாட்சிச் சுகாதாரப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீரைக் கொட்டு, கொட்டு என்று சொல்வது சுலபம். இங்கேதான் இந்த நோயின் அரசியல் இருக்கிறது. குழாயில் தினமும் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர் கொட்டலாம், வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் யார் கொட்டுவார்கள்? 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பெரிதாக வெடித்தபோது முதலில் செய்தியில் அடிபட்ட ஊர் கடையநல்லூர், அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. அந்த வருஷம் அரசுக் கணக்கிலேயே மாநிலத்தில் 12,000-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய், 66 பேர் சாவு. தென் மாவட்டச் சிறு நகரங்களில் தண்ணீர் வருகிற நாளில் குடம், அண்டா, டிரம், சிமெண்ட் தொட்டி என்று இருக்கிற எல்லாவற்றிலும் பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரைக்கும் குடும்பம் ஓடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னையே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தபோது நாமும் அதைத்தான் செய்தோம், வாங்கிய நீல டிரம் இன்னும் பல வீட்டுப் பால்கனியில் நிற்கிறது. டெங்கு மழை நோய் என்று நினைக்கிறோம், அது தண்ணீர்த் தட்டுப்பாட்டு நோயும்தான். மழையே பெய்யாத ஊரிலும் டிரம்முக்குள் ஒரு குட்டி ஐப்பசி இருக்கிறது.

இப்படிச் சேமித்தே ஆக வேண்டிய வீடுகளுக்காகத்தான் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. அதன் உண்மைப் பெயர் டெமிஃபாஸ். பணியாளர் வந்து டேங்கில் ஊற்றுகிறேன் என்றால் "குடிக்கிற தண்ணியில மருந்தா?" என்று விரட்டிவிடுகிறோம். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல் குடிநீரிலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மருந்து அது. பயமாக இருந்தால் குடிக்கிற தண்ணீரைத் தனியாக மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, புழங்குகிற தண்ணீரில் ஊற்றச் சொல்லுங்கள். அந்தப் பணியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் பெண்கள், சொற்பச் சம்பளம், ஒரு நாளைக்கு எத்தனையோ வீட்டுப் படி ஏறி இறங்குகிறவர்கள். கதவைத் திறந்து மாடிச் சாவியைக் கொடுத்தால் அதுவே பெரிய தயாரிப்பு. 1939-லேயே போட்ட தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கொசு உற்பத்திக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் சுகாதாரத் துறைக்கு உண்டு. மதராஸில் டெங்கு மாதிரியான காய்ச்சல் பரவியதாக 1780-லேயே பதிவு இருக்கிறது, ஆக இது ஒன்றும் நேற்று வந்த விருந்தாளி அல்ல.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வரலாம். நம் வீடு சுத்தமாக இருந்தாலும் பள்ளிக்கூடத்தில், அலுவலகத்தில், கட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் பிறந்த கொசு கடிக்கும். அதனால் தயாரிப்பின் இரண்டாவது பாதி, காய்ச்சல் வந்த வீடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது. காய்ச்சல் வந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது, அந்த நேரத்தில் வாட்ஸ்அப்தான் வாத்தியார் ஆகிவிடும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது டெங்கு எப்படிக் கொல்கிறது என்பது. காய்ச்சல் கொல்வதில்லை. ப்ளேட்லெட் என்கிற தட்டணு குறைவதும் பெரும்பாலும் கொல்வதில்லை. காய்ச்சல் ஆரம்பித்த மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், சிலருக்கு ரத்த நாளங்களின் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் இருக்கும் நீர்ப் பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் தேங்குகிறது. அடுப்பில் வைத்த குழம்பு வற்றினால் எப்படிக் கெட்டியாகுமோ, அப்படி உள்ளே ரத்தம் கெட்டியாகிறது, அளவு குறைகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. இந்தக் கசிவு ஒன்றிரண்டு நாள்தான் நீடிக்கும், அப்புறம் தானாகவே நிற்கும். அந்த ஒன்றிரண்டு நாள் உடம்பில் போதிய நீர் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் நோயாளி பிழைத்துவிடுவார். டெங்கு சிகிச்சை என்று மருத்துவமனையில் செய்வதெல்லாம் சாரத்தில் இதுதான், அளந்து அளந்து நீர் ஏற்றுவது. வைரஸைக் கொல்ல மருந்து இன்றுவரை இல்லை.

இப்போது நம் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள். மூன்று நாள் காய்ச்சலில் குழந்தை தகிக்கும்போது வீடே விழித்திருக்கும். நாலாம் நாள் காலையில் உடம்பு தொட்டால் ஜில்லென்று இருக்கும். "அப்பாடா, காய்ச்சல் விட்டுப்போச்சு" என்று அம்மா குளிக்கப் போவார், அப்பா வேலைக்குக் கிளம்புவார், குழந்தை அசந்து தூங்குகிறது என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆபத்தான நாள் அதுதான். காய்ச்சல் இறங்கியும் குழந்தை எழுந்து சாப்பாடு கேட்கிறது, விளையாட வருகிறது என்றால் நல்ல செய்தி. காய்ச்சல் இறங்கியும் சோர்ந்து கிடக்கிறது, வயிறு வலிக்கிறது என்கிறது, வாந்தி நிற்கவில்லை, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், மலம் கறுப்பாகப் போகிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த நிமிஷமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மறுநாள் காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. பெரியவர்களுக்கும் இதே கணக்கு, பெண்களுக்கு மாதவிடாய் வழக்கத்துக்கு மீறிப் போனால் அதையும் ரத்தக்கசிவாக எண்ணிச் சொல்ல வேண்டும், கூச்சப்பட்டு மறைக்கக் கூடாது.

ஆகவே டெங்கு சீசனில் ஒரு வீட்டுக்கு மிக முக்கியமான உபகரணம் எது என்று கேட்டால், பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் என்பேன். காய்ச்சல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று முதல் வரியில் எழுதுங்கள். டாக்டர் கேட்கும்போது நாம் எல்லோரும் "ரெண்டு மூணு நாளா இருக்கு சார்" என்போம், அந்த ரெண்டுக்கும் மூணுக்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது. எந்தப் பரிசோதனை எடுப்பது என்பதே நாளைப் பொறுத்தது. முதல் நாலைந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்குப் பிறகு உடம்பு செய்யும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். அப்புறம் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் எவ்வளவு, என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனார், மாத்திரை எப்போது. என் மனைவி படுத்திருந்தபோது என் மகள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள், அந்தத் தாளைத்தான் டாக்டர் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

யார் எழுதுவது என்பதையும் சீசனுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பார்த்துக்கொள்வது அம்மா. அம்மாவுக்கே வந்தால்? அவர் எழுந்து காபி போட்டுக்கொண்டிருப்பார், யாரும் டிகிரி பார்க்க மாட்டார்கள், எவ்வளவு குடித்தார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இன்னொரு ஆளுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கவும் கஞ்சி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துப் பெட்டியில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பாரசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு கொசுவலை, பகலில் கை காலில் பூசக் கொசு விரட்டும் களிம்பு. பாரசிட்டமாலில் ஒரு எச்சரிக்கை. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் கூடாது. காய்ச்சல் இறங்கவில்லை என்று இன்னொன்று போட்டுக்கொள்வதால் நோய் குறையாது, டெங்குவே கல்லீரலைத் தாக்குகிற நோய், மாத்திரையும் சேர்ந்து தாக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து, ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம், சிரப்பில் 5 மில்லியில்தான் 125 அல்லது 250 இருக்கும். பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நள்ளிரவில் கண்ணாடி போடாமல் ஊற்றினால் கதை கந்தலாகிவிடும். பிள்ளையின் எடையையும், உங்கள் வீட்டில் இருக்கும் பாட்டிலுக்கு எத்தனை மில்லி என்பதையும் டாக்டரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் இருக்கவே கூடாதது என்று சொல்ல முடியாது, ஆனால் காய்ச்சல் நேரத்தில் தொடவே கூடாதவை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். உடம்பு வலி தாங்கவில்லை என்று கிளினிக்குக்குப் போய் "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று நாமே கேட்டு வாங்குகிறோமே, அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், காய்ச்சல் வந்த அன்றே அவருடைய டாக்டரைக் கேளுங்கள்.

குடிக்கக் கொடுப்பதில் நம் சமையலறை போதும். அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்க வைத்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். பெரியவர் என்றால் ஒரு நாளைக்கு ஐந்தாறு பெரிய டம்ளருக்குக் குறையக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக. ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்குவது தவறு. கடையில் அட்டை டப்பாவில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு, உண்மையான ஓஆர்எஸ் வேறு. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே அந்தப் பானங்களில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. இலங்கை மருத்துவர்கள் சொல்கிற ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், டெங்கு நோயாளிக்குச் சிவப்பாகவோ பழுப்பாகவோ எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்பார்கள். மாதுளைச் சாறு கொடுத்துவிட்டு வாந்தி எடுத்தால் அது ரத்தமா சாறா என்று யாருக்கும் தெரியாது. கொசுவுக்கு நுளம்பு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கும் அந்த நாட்டில் 2017-ல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு, பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் சொன்னால் கேட்கலாம்.

சரி, பப்பாளி இலை, நிலவேம்பு. ரெண்டுக்கும் பெரிய சண்டை நடக்கும், எனக்கு அதில் சேர ஆசையில்லை. பப்பாளி இலைச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் உயர்த்துவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் கசிவைத் தடுக்கும், சாவைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கசப்பில் வாந்தி எடுத்தால் உள்ளே போன நீரும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நிலவேம்புக் குடிநீரை அரசே தந்தது, குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், "நிலவேம்பு குடிச்சிட்டோம்" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை.

தட்டணுவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் டெங்கு வந்த வீட்டில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைத்தான் கேட்கிறார்கள். "எவ்வளவு இருக்கு? எழுபதாயிரமா? ஐயோ!" சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். டெங்குவில் அது விழும், அப்புறம் தானாக ஏறும். ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றத் தேவையில்லை, பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் பொதுவாக அந்த யோசனையே வரும். அதே ரத்த அறிக்கையில் பிசிவி என்றோ ஹீமட்டோக்ரிட் என்றோ இன்னொரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. மேலே சொன்ன குழம்பு எவ்வளவு வற்றியிருக்கிறது என்று காட்டுவது அந்த வரிதான். தட்டணு வேகமாக விழும்போதே பிசிவி ஏறுகிறது என்றால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க முதல் ரத்தப் பரிசோதனை சீக்கிரம் எடுத்திருக்க வேண்டும், மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். அறிக்கைகளை எல்லாம் ஒரே கோப்பில், தேதி வரிசையில் வைத்திருங்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உள்ளவர் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் விளையாட்டே வேண்டாம், நேராக மருத்துவரிடம். அதே மாதிரி, ஏற்கெனவே டெங்கு வந்து போனவர்கள். "எனக்கு ஒருதடவை வந்திடுச்சு, இனிமே வராது" என்று தெம்பாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. டெங்கு வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகை மட்டும் திரும்ப வராது. ரெண்டாம் முறை வேறு வகை வரும்போது, முதல் முறை உடம்பு செய்து வைத்த எதிர்ப்பொருளே புதிய வைரஸுக்கு வழிகாட்டி மாதிரி ஆகி நோயை முற்ற வைக்கக் கூடும். 2012-லோ 2017-லோ வந்து போனவர்கள் இப்போதுதான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2017-ல் தமிழ்நாட்டில் மட்டும் கணக்கில் வந்தவர்கள் 23,000-க்கு மேல், கணக்கில் வராதவர்கள் நிச்சயம் அதைவிட அதிகம். தடுப்பூசிக்கு இந்தியாவில் 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது, அதை நம்பி இந்த மழைக்காலத்தைத் திட்டமிட முடியாது.

காய்ச்சல்காரரைக் கொசுவலைக்குள் படுக்க வைப்பது அவருக்காக அல்ல, மற்றவர்களுக்காக. காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு வைரஸை எடுத்துக்கொள்கிறது, எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடுகிறது, அப்புறம் சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரே வீட்டில் இருவாரம் கழித்து ரெண்டாவது ஆள் விழுவது இப்படித்தான். ஆக பகலிலும் வலை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்தால் முதல் 30 நாளில் வருகிற நோய்க்குப் பணம் தர மாட்டார்கள், ஆகவே பக்கத்து வீட்டில் டெங்கு வந்த பிறகு எடுப்பதில் பலனில்லை, எடுப்பதானால் ஆடியிலேயே எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு, அட்டை பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி எடுத்து வைக்கலாம். சந்தேகத்துக்கு 104, வண்டிக்கு 108. ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தப் பரிசோதனை செய்து உடனே முடிவு சொல்லும் மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று தெரியுமா? அதைப் பகலில் விசாரித்து வையுங்கள், பல ஊர்களில் அது அரசு மருத்துவமனையாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு முன்னால் பத்து நிமிஷம் மாடி. ஃப்ரிட்ஜ் தட்டு என் பொறுப்பு, ஆறு வருஷம் பார்க்காத பாவத்துக்குத் தண்டனை. எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சாவி எங்களிடம் இருக்கிறது. மழை தொடங்கியதும் என் மகள் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வீட்டு ரெண்டு கழிவறையிலும் தண்ணீர் விட்டு, மூடியைச் சாத்திவிட்டு வருகிறாள்.